விமானம் பறந்தது, நிறுவனம் நிலைக்கவில்லை: லீடிங் சிஸ்டம்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிடேட்டர் என்ற ஆளில்லா விமானத்தின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1995-இல் பால்கன் பகுதியில் வேவு பார்க்கத் தொடங்கி, 2001-இல் ஆப்கானிஸ்தானில் ஏவுகணையோடு பறந்து, 2018-இல்தான் அமெரிக்க விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றது. அதைத் தயாரித்து விற்ற ஜெனரல் அடாமிக்ஸ் இன்று அந்தத் துறையில் பெரிய கை. ஆனால் பிரிடேட்டரின் மூல வடிவமைப்பு அங்கே பிறந்ததல்ல. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு வீட்டு கராஜில் தொடங்கிய லீடிங் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்தது. பிரிடேட்டர் முதன்முதலாகப் பறப்பதற்குள் அந்த நிறுவனம் நொடித்துக் கைமாறிவிட்டது.

சிறு நிறுவனம் இராணுவத்துக்காகப் புதிதாக ஒன்றை உருவாக்கும்போது, தொழில்நுட்பம் சரியாக வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். லீடிங் சிஸ்டம்ஸ் விஷயத்தில் தொழில்நுட்பம் சரியாகவே வந்தது. பறந்து காட்டினார்கள், மணிக்கணக்கில் பறந்து காட்டினார்கள். அப்புறமும் ஏன் பிழைக்க முடியவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

கராஜும் அதன் போட்டியாளரும்

நிறுவனத்தைத் தொடங்கிய ஆபிரகாம் கரெம் 1937-இல் பாக்தாத்தில் பிறந்தவர். குடும்பம் 1951-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே மாதிரி விமானங்கள் மீது பைத்தியம். டெக்னியன் என்ற இஸ்ரேலியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் விமானப் பொறியியல் படித்து, இஸ்ரேலிய விமானத் துறையில் வேலை பார்த்து, 1973 போரின்போது எதிரி ரேடாரை ஏமாற்றும் ஓர் ஆளில்லா விமானத்தை அவசரமாக உருவாக்கிக் கொடுத்தார். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கா வந்து, தன் வீட்டு கராஜில் வேலையைத் தொடங்கினார்.

அப்போது அமெரிக்கத் தரைப்படை கையில் அக்விலா என்ற ஆளில்லா விமானத் திட்டம் இருந்தது. அதைச் செய்தது லாக்ஹீட் என்ற பெரிய விமான நிறுவனம். நான்கு வீரர்கள் தூக்கிச் செல்லக்கூடிய அளவில், மலைக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று காட்டுகிற ஒரு சின்ன விமானம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொன்று சேர்த்தார்கள். பீரங்கிக் குண்டுக்கு இலக்கைக் காட்டும் லேசர், இரவில் பார்க்கும் கேமரா, எதிரி குறுக்கிட முடியாத ரேடியோ தொடர்பு என்று பட்டியல் நீண்டது. விமானத்தின் உடல் மட்டும் அதே சின்ன உடல். லாரி மேல் உள்ள தண்டவாளத்திலிருந்து எறிந்து, திரும்பி வரும்போது வலையில் பிடிக்க வேண்டும். முதல் மதிப்பீட்டில் உருவாக்கச் செலவு 12.3 கோடி டாலர், 780 விமானங்கள் தயாரிக்க மேலும் 44 கோடி டாலர். 1987-இல் கைவிடப்பட்டபோது செலவு 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. செயல்பாட்டுச் சோதனையில் 105 பறப்புகளில் 7 மட்டுமே எதிர்பார்த்ததை முழுமையாக நிறைவேற்றின என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் பதிவு செய்திருக்கிறது.

கரெம் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தார். ஆளில்லா விமானம் என்றால் விழுந்தால் விழட்டும் என்ற மனப்பான்மையையே அவர் ஏற்கவில்லை. ஆள் ஓட்டும் விமானத்துக்கு என்ன நம்பகத்தன்மை வேண்டுமோ அதுவே இதற்கும் வேண்டும் என்பது அவர் நிலை. இரண்டாவது, நெடுநேரம் பறக்க வேண்டும். இதன் கணக்கு எளிது. ஓரிடத்தை இருபத்துநான்கு மணி நேரமும் கண்காணிக்க வேண்டும், விமானம் இலக்குக்கு மேல் மூன்று மணி நேரம்தான் நிற்கும் என்றால், ஒரு நாளைக்கு எட்டு முறையாவது ஏற்றி இறக்க வேண்டும். ஆளில்லா விமானங்கள் நொறுங்குவது பெரும்பாலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். ஒரு முழு நாள் மேலேயே நிற்கும் விமானம் இருந்தால் எட்டு ஆபத்து ஒன்றாகிவிடும். வேலை செய்ய ஆட்களும் குறைவு, உதிரிப் பாகமும் குறைவு. பறக்கும் நேரத்தை ஒரு சாதனை எண்ணாகப் பார்க்காமல், மொத்த அமைப்பின் செலவையும் தீர்மானிக்கிற எண்ணாகப் பார்த்தார் என்பதுதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

முதலில் செய்த விமானத்தின் பெயர் அல்பட்ராஸ். மரம், கையால் வார்த்த ஃபைபர் கிளாஸ், கோ-கார்ட் வண்டியில் இருக்கும் வகையிலான ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அவ்வளவுதான் பொருள். நீண்டு ஒல்லியான இறக்கை, குறைந்த வேகம், உடல் எடைக்கு நிறைய எரிபொருள் என்ற மூன்றும் சேர்ந்து அது 56 மணி நேரம் பறக்கும் திறனைக் காட்டியது. பென்டகனின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா கவனித்தது.

ஆம்பர்

1984 இறுதியில் டார்பா 4 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் பெயர் ஆம்பர். ஒரு கராஜ் நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லவே வேண்டாம்.

ஆம்பரின் வடிவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாமே இதன் பிள்ளைகள். நீளம் 4.6 மீட்டர், இறக்கை விரிவு எட்டரை மீட்டருக்கு மேல். 65 குதிரைத்திறன் எஞ்சின் வாலில். புரொப்பெல்லர் பின்னாலிருந்து தள்ளும். அதனால் மூக்கு முழுவதும் கேமராவுக்குக் கிடைக்கிறது, முன்னால் எதுவும் மறைக்காது. ஆனால் பின்னால் புரொப்பெல்லர் இருந்தால் ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும்போது அது தரையில் தட்டும். அதற்காக வால் சிறகுகளைத் தலைகீழ் 'வி' வடிவத்தில் கீழ்நோக்கி வைத்தார்கள். வால் சிறகு முதலில் தரையைத் தொடும், புரொப்பெல்லர் தப்பிக்கும். ஒரே பாகம் இரண்டு வேலை செய்கிறது. பிரிடேட்டர் படத்தை எங்கே பார்த்தாலும் அந்தத் தலைகீழ் வால் இருக்கும். அது கரெமின் கையெழுத்து.

1986 நவம்பரில் பறக்கத் தொடங்கியது. 1988-இல் 38 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பறந்தது. கடற்படை, தரைப்படை, மரைன் என்று எல்லோரும் ஆர்வம் காட்டினார்கள்.

ஆர்வம் காட்டுவது வேறு, வாங்குவது வேறு. டார்பாவிடம் படை கிடையாது. அது ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்; நூறு விமானம் வாங்கி, ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்து ஆண்டு பராமரிக்கும் அமைப்பு அது இல்லை. அதைச் செய்ய வேண்டியவை படைகள். படைகளின் பட்ஜெட்டோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதத் தொடங்கப்படுவது. பட்ஜெட்டில் பெயரோடு ஒரு வரி இருந்தால்தான் பணம். அந்த வரியை எழுதவைக்க, படைக்குள்ளேயே ஓர் அதிகாரி இது எனக்கு வேண்டும் என்று தன் மற்ற தேவைகளோடு மல்லுக்கு நிற்க வேண்டும். விமானப் படையில் விமானிகளே மேலே வருகிறார்கள். விமானி இல்லாத விமானத்துக்காக மல்லுக்கு நிற்க அங்கே யாரும் அவசரப்படவில்லை.

அந்த நேரத்தில் அமெரிக்க காங்கிரஸ் பொறுமை இழந்தது. ஒவ்வொரு படையும் தனித்தனியாக ஆளில்லா விமானத் திட்டம் வைத்துக்கொண்டு பணத்தைக் கரைக்கிறதே என்ற கோபம். அக்விலா அந்தக் கோபத்துக்கு நல்ல காரணம் கொடுத்திருந்தது. 1987-இல் நிதியை முடக்கினார்கள்; 1988-இல் எல்லாத் திட்டங்களையும் ஒரே கூட்டு அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். காங்கிரஸ் செய்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் வீணடிப்பைத் தடுக்கப் போட்ட பூட்டு, சிக்கனமாக வேலை செய்த சிறு நிறுவனத்தின் கதவிலும் விழுந்தது. லாக்ஹீடுக்கு அக்விலா போனால் இன்னும் பல திட்டங்கள் உண்டு. லீடிங் சிஸ்டம்ஸுக்கு ஆம்பர் போனால் எதுவுமே இல்லை.

கரெம் சும்மா இருக்கவில்லை. ஆம்பரை எளிமையாக்கி, விலை குறைத்து, வெளிநாடுகளுக்கு விற்கலாம் என்று நேட்-750 என்ற விமானத்தைச் செய்தார். அது 1989-இல் பறந்தது. ஆனால் வெளிநாட்டு விற்பனைக்கும் அரசின் அனுமதி வேண்டும், சொந்த நாட்டுப் படையே வாங்காத ஒன்றை வெளிநாட்டுப் படை எளிதில் வாங்காது. 1990-இல் ஆம்பருக்கு நிதி நின்றது. நிறுவனம் நொடித்தது. சொத்துகளும் வடிவமைப்புகளும் ஜெனரல் அடாமிக்ஸிடம் போய்ச் சேர்ந்தன. கரெமும் அவருடைய பொறியாளர்கள் சிலரும் கூடவே போனார்கள்.

கரெமை ஒரு பிடிவாதக்காரர், வியாபாரம் தெரியாதவர் என்று சொல்லிக் கதையை முடிப்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் வியாபாரம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும், 1987-க்கும் 1994-க்கும் நடுவில் வாங்குபவரே இல்லாத ஏழு ஆண்டுகளை எப்படிக் கடந்திருப்பார்? சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

காத்திருக்க முடிந்தவர்

ஜெனரல் அடாமிக்ஸ் அடிப்படையில் அணு உலை நிறுவனம். 1986-இல் நீல் புளூ, லிண்டன் புளூ சகோதரர்கள் செவ்ரானிடமிருந்து அதை வாங்கினார்கள். தனியார் நிறுவனம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு வருமானம் இருந்தது. ஆளில்லா விமானத்துக்கு ஒரு நாள் காலம் வரும் என்று உரிமையாளர்களே நம்பினார்கள். நேட்-750-ஐத் தொடர்ந்து மெருகேற்றினார்கள், துருக்கி வாங்கியது.

பிறகு போஸ்னியாவில் போர். மேகத்துக்கும் மலைக்கும் நடுவில், ஒரே இடத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் கண் தேவைப்பட்டது. செயற்கைக்கோள் கடந்து போய்விடும். ஆள் ஓட்டும் விமானத்தை அனுப்பினால் விமானி சிக்கிக்கொள்ளும் ஆபத்து. சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த ஜேம்ஸ் வூல்சிக்கு கரெமின் வேலை முன்பே தெரியும். 1994-இல் அல்பேனியாவிலிருந்து நேட்-750 பறந்தது. அங்கே ஒரு பலவீனம் தெரிந்தது: படம் தரைக்கு வர, நடுவில் ஆள் ஓட்டும் இன்னொரு விமானம் நின்று சிக்னலைக் கடத்த வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு மேல் பறக்கும் விமானத்தின் நேரத்தை, நடுவில் நின்ற விமானத்தில் இருந்த மனிதர்களின் களைப்பு தீர்மானித்தது.

பிரிடேட்டர் அந்தப் பலவீனத்துக்கான விடை. அதன் மூக்கு ஏன் அப்படிப் புடைத்திருக்கிறது என்று பலர் கேட்பார்கள். உள்ளே இருப்பது செயற்கைக்கோள் தொடர்புக்கான டிஷ் ஆன்டெனா. இறக்கை விரிவு 14.8 மீட்டராக வளர்ந்தது, தத்துவம் ஆம்பருடையதே.

வாங்கும் முறையும் மாறியிருந்தது. நூற்றுக்கணக்கான பக்கத் தேவைப் பட்டியல் எழுதி, அப்புறம் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, ஏற்கெனவே கைவசம் இருக்கும் தொழில்நுட்பத்தைச் சேர்த்துக் கொஞ்சம் விமானங்கள் செய்து படையினர் கையில் கொடு, அவர்கள் பயன்படுத்திப் பார்க்கட்டும், பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம் என்ற புதிய வழியைப் பென்டகன் அந்த ஆண்டுதான் தொடங்கியது. தேவை சில வரிகளில் அடங்கியது: 500 கடல் மைல் போக வேண்டும், அங்கே 24 மணி நேரம் நிற்க வேண்டும், 200 கிலோ அளவுக்குக் கருவிகள் சுமக்க வேண்டும். 1994 ஜனவரியில் ஒப்பந்தம், ஜூலை 3-இல் மொஹாவி பாலைவனத்தின் எல் மிராஜில் முதல் பறப்பு, அடுத்த ஆண்டு ஜூலையில் பால்கனில் வேலை. தயாராக இருந்த ஒரு வடிவமைப்பு இல்லாமல் ஆறு மாதத்தில் எந்த விமானமும் பறக்காது. அந்த வேகத்துக்கான விலையைக் கரெமின் நிறுவனம் முன்கூட்டியே கட்டியிருந்தது.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பராமரிப்புக் கையேடு, உதிரிப் பாகம், பயிற்சி எல்லாம் பின்தங்கின. இறக்கையில் பனி உறைவதைத் தடுக்க வழியில்லாமல் பால்கனில் திணறினார்கள். 2001 அக்டோபரில் பென்டகனின் சொந்தச் சோதனை அலுவலகமே இது செயல்பாட்டுக்குப் பொருத்தமானது இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அதே மாதத்தில் பிரிடேட்டர் ஆப்கானிஸ்தானில் ஹெல்ஃபயர் ஏவுகணையோடு பறந்துகொண்டிருந்தது.

அந்த ஏவுகணையைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கண்காணிக்கச் செய்த விமானம் கொல்லும் விமானம் ஆனது யாரோ பின்னால் செய்த மாற்றம் என்று சொல்லி நகர முடியாது. ஆம்பர் திட்டத்திலேயே வெடிகுண்டு சுமக்கும் வகை ஒன்று வரையப்பட்டிருந்தது. பாகிஸ்தானிலும் யேமனிலும் பொதுமக்கள் இறந்திருக்கிறார்கள். இராணுவத்துக்காக ஆராய்ச்சி செய்யும் சிறு நிறுவனம் தன் பொருள் எங்கே போகும் என்பதை நிறுவனம் தன் கையில் இருக்கும்போதே யோசிக்க வேண்டும். சொத்து கைமாறிய பிறகு அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் சொல்லும் அதிகாரமும் இருக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது

முன்மாதிரிக்கும் கொள்முதலுக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளியை அமெரிக்க அரசு அறியாமல் இல்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் 1977-இல் தொடங்கிய ஒரு முன்னோட்டம், 1982-இல் சட்டமாகி எஸ்.பி.ஐ.ஆர். என்ற திட்டமாயிற்று. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். தொடக்கத்தில் 0.2 சதவீதமாக இருந்தது பிறகு 3.2 சதவீதம் வரை உயர்ந்தது. தகுதிக்கான எல்லை 500 பணியாளர்கள். இந்தத் திட்டத்தில் மிக அதிகம் செலவிடுவது பாதுகாப்புத் துறை.

மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் இது சாத்தியமா என்று காட்ட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் முன்மாதிரி செய்ய வேண்டும். மூன்றாம் கட்டத்தில் சந்தைக்கோ படைக்கோ போக வேண்டும், ஆனால் அதற்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. சரியாக ஆம்பர் விழுந்த இடம் அது. டார்பா ஒப்பந்தமும் எஸ்.பி.ஐ.ஆர். ஒப்பந்தமும் வெவ்வேறு, குழி ஒன்றுதான். பாதுகாப்புத் துறை வட்டாரத்தில் அதை மரணப் பள்ளத்தாக்கு என்றே சொல்கிறார்கள்.

சட்டம் கொடுத்திருக்கும் இரண்டு கருவிகளைப் பலர் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒன்று, முதல் இரண்டு கட்டங்களில் உருவான வேலையைத் தொடர்ந்து வாங்க, மூன்றாம் கட்டத்தில் மறுபடி போட்டி டெண்டர் விடத் தேவையில்லை, நேரடியாகக் கொடுக்கலாம். கொள்முதல் அதிகாரிக்கு இது தெரியாமலே இருக்கும். எடுத்துக் காட்டுவது நிறுவனத்தின் வேலை. இன்னொன்று, அந்த வேலையில் உருவான தொழில்நுட்பத் தரவை அரசு 20 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். போட்டியாளரிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஒப்படைக்கும் வரைபடத்திலும் அறிக்கையிலும் உரிய உரிமைக் குறிப்பை அச்சிடாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். கடைசி நாள் அவசரத்தில் ஓர் இளம் பொறியாளர் அனுப்பும் பி.டி.எஃப். கோப்பில் நிறுவனத்தின் மொத்தச் சொத்தும் வெளியே போய்விடலாம்.

ஐரோபாட் நிறுவனத்தை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1990-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர் தொடங்கியது. டார்பா பணத்தில் உருவான அவர்களுடைய பேக்பாட் ரோபாட், 2002-இல் ஆப்கானிஸ்தானில் குகைகளுக்குள் போய்ப் பார்த்தது. அதே ஆண்டு வீடு பெருக்கும் ரூம்பாவும் கடைக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளர் தாமதித்தால் இன்னொரு சந்தை சம்பளம் கொடுத்தது. 2016-இல் பாதுகாப்புப் பிரிவை விற்றபோதும் அது நொடித்துப் போய் விற்றதல்ல, தாங்களாக எடுத்த முடிவு. 38 மணி நேரம் பறக்கும் விமானத்துக்கு 1988-இல் பொதுச் சந்தை இல்லை என்பது கரெமின் துரதிர்ஷ்டம். ரூம்பா போல ஒன்றை எல்லோராலும் கண்டுபிடிக்க முடியாது.

கரெம் பிறகு ஃபிரான்டியர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினார். சுழல் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஏ-160 ஹம்மிங்பேர்ட் என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை உருவாக்கி, 2004-இல் நிறுவனத்தையே போயிங்கிடம் விற்றார். 2008-இல் அது 18 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. இந்த முறை வாங்குபவர் வரும்வரை காத்திருக்கும் சுமையை, காத்திருக்கத் தெம்புள்ள ஒருவரிடம் முன்பே இறக்கி வைத்துவிட்டார்.

இரண்டாம் கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் ஒரு நிறுவனம் என்னிடம் கேட்டால், சோதனை அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்பேன். எந்தப் படையின் எந்த பட்ஜெட் வரியில் இது உட்காரும்? அந்த வரியை எழுதும் அதிகாரி முன்மாதிரி முடியும்போது அதே இருக்கையில் இருப்பாரா? இராணுவப் பணியிடங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிவிடும். அவர் போனால் அடுத்து யார் கையில் இந்தக் கோப்பு இருக்கும்? முன்மாதிரி முடிந்த நாளிலிருந்து முதல் கொள்முதல் ஆணை வரும்வரை, குறைந்தது இரண்டு பட்ஜெட் ஆண்டுகளுக்குச் சம்பளப் பணம் எங்கே இருக்கிறது? சம்பளக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், கையெழுத்திடும்போதே கூட்டாளியாகவோ வாங்குபவராகவோ ஒரு பெரிய நிறுவனத்தைத் தேடத் தொடங்கிவிட வேண்டும். ஓராண்டுச் சம்பளம் கையில் இருக்கும்போது பேசினால் விலை பேசலாம்.